யாருக்கு யார் சொந்தம்: ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ படம், ஒரு நிகழ்வு ஆய்வு

1985-இல் வந்த ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ படத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் மூன்று காட்சிகளைச் சொல்வார்கள். ஆற்றங்கரையில் அவன் அவள் தலைமுடியை அலசிவிடுவது, மஞ்சள் நிறக் குட்டி விமானத்தில் இருவரும் பறப்பது, கடைசியில் வரும் கல்லறை. நல்ல காட்சிகள்தான். ஆனால் படம் நிற்பது அவற்றின் மேல் இல்லை. இடையில் வருகிற ஒரு சின்ன வாக்குவாதத்தின் மேல்தான் நிற்கிறது.

கதை நடப்பது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கென்யாவில். நாயகி கேரன் தன் காபிப் பண்ணையில் வேலை செய்யும் கிகுயூ இன மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க நினைக்கிறாள். “என் கிகுயூக்கள் படிக்கணும்” என்கிறாள். அவள் காதலன் டெனிஸ் விடவில்லை. “என் கிகுயூ, என் பீங்கான் தட்டு, என் பண்ணை. சொந்தம் கொண்டாட நிறையத்தான் இருக்கு, இல்லையா?” அவள் சூடாகிறாள்: தன்னிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்திருப்பதாகச் சொல்கிறாள். அதற்கு அவன் சொல்கிற பதில்: இங்கே நாம் யாரும் சொந்தக்காரர்கள் இல்லை, வந்துவிட்டுப் போகிறவர்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. டெனிஸாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டின் முகத்தில் அது இன்னும் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை யார் பேச முடிகிறது, எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து பேச முடிகிறது என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி விரிகிறது. படத்தின் சுதந்திரத்துக்கு வாடகை கட்டியது யார் என்பதுதான் இங்கே எனக்குக் கேள்வி.

நடந்தது என்ன

கேரன் டினேசன் 1885-இல் டென்மார்க்கில் பிறந்தவர். ஹான்ஸ் பிளிக்சன் என்ற உறவினர் மேல் காதல், அது கைகூடவில்லை. ஹான்ஸின் இரட்டைச் சகோதரரான புரோர் பிளிக்சனை 1914 ஜனவரியில் கென்யக் கடற்கரை ஊரான மொம்பாசாவில் மணந்தார். புரோர் ஸ்வீடனின் பிரபு வம்சம். பட்டம் இருந்தது, பணம் இல்லை. கேரன் வீட்டில் பணம் இருந்தது. படம் இந்த ஏற்பாட்டைப் பூசி மெழுகாமல் சொல்கிறது: பனி மூடிய வெளியில் கேரனே புரோரிடம், நீ என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமே என்று கிட்டத்தட்ட பேரம் பேசுகிறாள். ஒரு காதல் படம் இப்படித் தொடங்குவது எனக்குப் பிடித்த விஷயம்.

மாட்டுப்பண்ணை என்று பேசி வைத்திருந்ததை, புரோர் காபித் தோட்டமாக மாற்றிவிட்டார். நைரோபிக்கு அருகே, ங்கோங் குன்றுகளின் அடிவாரம். மொத்தம் 6,000 ஏக்கர். அதில் காபி சுமார் 600 ஏக்கர். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருந்த அந்த இடம் காபிக்குக் கொஞ்சம் அதிக உயரம். மழை போதாது, வறண்ட காற்று வேறு. செடி பூத்துக் குலுங்கும், காய் பிடிக்காது. அப்புறம் 1923-இல் காபி பதப்படுத்தும் ஆலை தீப்பிடித்து எரிந்தது, வெட்டுக்கிளி வந்தது, பத்தாண்டின் முடிவில் உலகச் சந்தையில் காபி விலையும் சரிந்தது. பண்ணை, கேரனின் சொந்தக்காரர்கள் பங்கு போட்ட கம்பெனியின் பெயரில் இருந்தது. அவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பணம் அனுப்பினார்கள். கடைசியில் போதும் என்றார்கள்.

புரோர் கொடுத்த பாலியல் நோய், அதற்காக டென்மார்க் போய் எடுத்துக்கொண்ட கடுமையான சிகிச்சை, 1921-இல் பிரிவு, 1925-இல் விவாகரத்து. இதையெல்லாம் படம் ஓரளவு ஒழுங்காகவே சொல்கிறது.

டெனிஸ் ஃபின்ச் ஹட்டனை அவர் சந்தித்தது 1918-இல், நைரோபியின் முதைகா கிளப்பில். படம் இதை முன்னுக்கு இழுத்து, அவள் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததுமே ரயிலை நிறுத்தி யானைத் தந்தம் ஏற்றுகிறவனாக அவனைக் காட்டுகிறது. சினிமாவுக்கு இது தேவைதான், குறை சொல்ல மாட்டேன். உண்மை டெனிஸ் ஓர் இங்கிலாந்துப் பிரபுவின் இளைய மகன். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். பணக்கார விருந்தினர்களை வேட்டைக்கு அழைத்துப்போவதைத் தொழிலாக வைத்திருந்தார். 1928-இலும் 1930-இலும் அன்றைய பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் எட்வர்டுக்கே வழிகாட்டினார். அதே ஆள், காரில் துரத்திப்போய் மிருகங்களைச் சுடுவதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதியும் இருக்கிறார். புரோர் போன பிறகு, தன் புத்தகங்களையும் கிராமபோனையும் கேரன் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். வேட்டைக்குப் போவார், திரும்பி வருவார், சில நாள் இருப்பார், மறுபடி போவார்.

வீடு உள்ளவளும் வீடு வேண்டாதவனும்

1937-இல் வெளியான, படத்துக்குப் பெயரும் அடிப்படையும் தந்த தன் நூலில் கேரன் ஒரு வரி எழுதுகிறார்: டெனிஸுக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பண்ணையைத் தவிர வேறு வீடு கிடையாது. அன்பாக எழுதிய வரி. ஆனால் கணக்குப் பார்க்கிற கண்ணோடு படித்தால் வேறு ஒன்றும் தெரிகிறது. வந்துபோகிறவனாக இருப்பதற்கு, போகாமல் இருக்கிற ஒருத்தி தேவைப்படுகிறாள். விளக்கேற்றி, மேசை விரித்து, ஒயின் எடுத்து வைத்து, கதை தயாராக வைத்திருக்கிற ஒருத்தி. அந்த மேசைக்குப் பின்னால் கடன், பின்னால் காபி, அதற்கும் பின்னால் கூலிக்கும் குடியிருக்கும் உரிமைக்கும் வேலை செய்கிற கிகுயூ குடும்பங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே இலையாக இருந்தது யார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

படம் இதை உணர்ந்திருக்கிறது என்பதுதான் அதன் பலம். இயக்குநர் சிட்னி போலாக் டெனிஸை நாயகனாகத்தான் ஒளியூட்டிக் காட்டுகிறார், ஆனால் வசனத்தில் அவனுக்குச் சலுகை தரவில்லை. கர்ட் லூட்கே எழுதிய திரைக்கதையில் இருவருக்கும் நடக்கும் பெரிய சண்டையைக் கவனியுங்கள். இன்னொருத்தியோடு ஊர் சுற்றக் கிளம்புகிறான் என்பதில் தொடங்குகிறது. நீ போவதெல்லாம் வேட்டைக்காக இல்லை, சும்மா விலகி இருக்கத்தான், இல்லையா என்று அவள் கேட்கிறாள். உன்னைப் புண்படுத்த இல்லை என்கிறான் அவன். புண்படுகிறதே என்கிறாள் அவள். பிறர் வகுத்த வாழ்க்கையை வாழ விருப்பமில்லை, ஒருநாள் விழித்துப் பார்த்தால் வேறு யாருடைய வாழ்க்கையின் முடிவிலோ நிற்கக் கூடாது என்று அவன் சொல்கிறான். நீ விரும்புகிற உலகத்தில் காதலே இருக்காது என்கிறாள். இல்லை, நிரூபித்துக்காட்டத் தேவையில்லாத காதல் இருக்கும் என்கிறான். அப்படியானால் நீ நிலாவில்தான் குடியிருக்க வேண்டும் என்கிறாள் அவள்.

இதில் யார் ஜெயித்தார்கள்? என் தீர்ப்பு கேரனுக்குத்தான். சில விஷயங்கள் வேண்டுமென்றால் விலை கொடுக்க வேண்டும், அந்தச் சிலவற்றில் ஒன்றாக நான் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லும்போது மெரில் ஸ்ட்ரீப் அழுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. கடைக்காரரிடம் விலை சொல்கிற மாதிரி சொல்கிறார். எதிரே ரெட்ஃபோர்டிடம் பதில் இல்லை. ரெட்ஃபோர்ட் இந்தப் படத்தில் ஆங்கிலேயப் பிரபுவாக நடித்துக்கொண்டு சுத்தமான அமெரிக்க உச்சரிப்பில் பேசுவதைப் பலர் கிண்டல் செய்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய உறுத்தல் இல்லை. எந்த ஊருக்கும் சேராத ஆள் என்ற எண்ணத்தை அது தற்செயலாகவே கூட்டிவிடுகிறது.

நூலையும் படத்தையும் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரனின் நூலில் இந்தக் காதல் கிட்டத்தட்ட இல்லை. டெனிஸ் அன்பான நண்பராக வருகிறார், அவ்வளவுதான். கணவர் அரிதாகவே தலைகாட்டுகிறார். படம் எடுத்தவர்கள் ஜூடித் தர்மன் எழுதிய கேரன் வாழ்க்கை வரலாற்றையும், எரல் டிரெபின்ஸ்கி எழுதிய டெனிஸ் பற்றிய நூலையும் சேர்த்துக்கொண்டுதான் காதல் கதையைக் கட்டினார்கள். கேரன் மறைத்து வைத்ததைப் படம் திறந்தது. அவர் விரிவாக எழுதியதை, அதாவது பண்ணையின் மனிதர்களை, படம் பின்னுக்குத் தள்ளியது.

இன்னொருத்தி என்று படத்தில் வரும் இளம்பெண் ஃபெலிசிட்டி. நிஜத்தில் அந்த இடத்தில் இருந்தவர், பின்னாளில் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தனியாகப் பறந்து கடந்த விமானி பெரில் மார்க்கம். 1931-இன் தொடக்கத்தில் டெனிஸ், கேரனின் வீட்டிலிருந்து ஏற்கெனவே விலகிப்போயிருந்தார். படத்தில் வரும் கடைசி நடனம், சாமான்கள் எல்லாம் விற்றுப்போன வெற்று வீட்டில் இருவரும் சமாதானமாவது, நமக்காகச் செய்த இரக்கம். உண்மை அவ்வளவு இரக்கம் காட்டவில்லை.

1931, மே 14

அன்று காலை வோய் என்ற சிற்றூரின் ஓடுதளத்திலிருந்து டெனிஸின் ஜிப்சி மாத் விமானம் கிளம்பியது. வட்டமடித்தது, கீழே விழுந்தது, எரிந்தது. டெனிஸ் இறந்தார். கூடவே அவருடைய கிகுயூ பணியாள் கமாவும் இறந்தார். படத்தில் டெனிஸ் தனியாகத்தான் பறக்கிறான். தன்னந்தனியாக வாழ்ந்த மனிதன், தன்னந்தனியாகச் செத்தான் என்பது கதைக்குப் பொருத்தமாக இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பொருத்தத்துக்காக ஒரு மனிதனின் சாவே கதையிலிருந்து போய்விட்டது. முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

செய்தி கேரனை எட்டிய விதத்தையும் படம் மாற்றியிருக்கிறது. படத்தில் புரோர் வீட்டுக்கு வந்து சொல்கிறார். பழைய கணவர் வந்து காதலனின் சாவைச் சொல்வது நாடகமாக நன்றாகத்தான் இருக்கிறது. புரோராக நடித்த கிளாஸ் மரியா பிராண்டவர் அதைக் கவனமாகச் செய்கிறார். ஆனால் கேரன் நூலில் எழுதியிருப்பது இதைவிடக் கொடுமை. அவர் அன்று நைரோபிக்குக் காரியமாகப் போகிறார். தெரிந்தவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பேசப் போனால் நழுவுகிறார்கள். ஏதோ தீவில் ஒற்றையாக விடப்பட்ட மாதிரி இருக்கிறது அவருக்கு. டெனிஸுக்கு என்ன ஆனதென்று ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது, சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கடைசியில் லேடி மக்மில்லன் வீட்டு மதிய விருந்தில், சாப்பாடு முடிந்த பிறகு, அவரைத் தனியே அழைத்துச் சொல்கிறார்கள். துக்கச் செய்தி வந்த வீட்டின் வாசலில் நின்று உள்ளே போகத் தயங்கியவர்களுக்கு இந்தக் காட்சியின் கனம் தெரியும். இதைப் படமாக்காமல் விட்டது போலாக் செய்த பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

அடக்கம் செய்யும் காட்சியில் அந்தக் கடன் அடைந்துவிடுகிறது. டெனிஸை ங்கோங் குன்றின் சரிவில் புதைக்கிறார்கள். கேரன் ஒரு கவிதை படித்து, அவன் நம்முடையவன் இல்லை, என்னுடையவனும் இல்லை என்று முடிக்கிறாள். கைநிறைய மண் எடுக்கிறாள். சவப்பெட்டியின் மேல் போட வேண்டும். போடுவதில்லை. மண்ணோடு அந்தக் கை தலைமுடிக்குள் போகிறது, திரும்பி நடந்துவிடுகிறாள். பள்ளிக்கூட வாக்குவாதத்தில் அவன் கேட்டதற்கு, அவள் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறாள்: எதுவும் என்னுடையது இல்லை. வாயில் ஒப்புக்கொண்டாலும் கை மண்ணை விட மறுக்கிறது. நடிப்பு என்றால் இதுதான்.

பின்னாளில் டெனிஸின் அண்ணன் அங்கே ஒரு கல்தூண் எழுப்பினார். காலையிலும் மாலையிலும் சிங்கங்கள் வந்து அந்தக் கல்லறை மேல் படுத்திருப்பதை அந்தப் பகுதியின் மேய்ச்சல் மக்களான மசாய்கள் பார்த்ததாக நண்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைக் கேரன் நூலில் சேர்த்திருக்கிறார். படம் அதோடுதான் முடிகிறது.

தண்ணீரின் ஊர்

காதலனைச் சொந்தம் கொண்டாட முடியாது என்ற பாடத்தைப் படம் முழுமையாகச் சொல்கிறது. நிலத்தைப் பொறுத்தவரை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பாதி வழி என்று ஏன் சொல்கிறேன் என்றால், தொடக்கங்கள் இருக்கின்றன. கேரன் ஆற்றை மறித்து அணை கட்டச் சொல்கிறபோது, இந்தத் தண்ணீர் மொம்பாசாவில் வாழ்கிற தண்ணீர் என்று பதில் வருகிறது. அதாவது அது போக வேண்டிய ஊர் அது, நீ நிறுத்த முடியாது. பல ஆண்டு கழித்து மழையில் அணை உடையும்போது கேரனே அதைச் சொல்லி, போகட்டும் விடுங்கள் என்கிறாள். பள்ளிக்கூட விஷயத்தில் தலைவர் கினான்ஜுய் ஒரு கம்பை நிறுத்தி, இந்த உயரத்துக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் படிக்கக் கூடாது என்கிறார். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிந்துவிட்டால் தலைவரின் கதி என்ன? சிரிப்பு வரும் காட்சி. ஆனால் பேரம் பேசுகிற அரசியல்வாதியாக ஒரு கிகுயூவைக் காட்டுகிற அரிதான இடம் அது.

மலிக் பவன்ஸ் நடித்த ஃபாரா என்ற சோமாலியரும் அப்படித்தான். கேரனின் வீட்டு நிர்வாகி. பிரியும் வேளையில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறாள் கேரன். “நீங்கள் கேரன், ம்சாபு” என்கிறார் அவர். பெயரும் வந்தது, மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற அந்த இடத்தில், பதினேழு ஆண்டு உறவு எதுவரை வந்திருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இவை தவிர மற்றதெல்லாம் பின்னணி. மசாய்களைச் சிறையில் போட்டால் செத்துப்போவார்கள், எப்போதாவது வெளியே வருவோம் என்று அவர்களால் நினைக்க முடியாது என்று டெனிஸ் வியந்து பேசுகிறான். அவனுக்குப் பிடித்த சுதந்திரத்தின் அடையாளம் அவர்கள். அந்த மசாய்களை 1904-இலும் 1911-இலும் ஒப்பந்தம் என்ற பெயரில் மேய்ச்சல் நிலங்களிலிருந்து நகர்த்தி ஒதுக்கு நிலத்தில் அடைத்த கதை அவன் வாயில் வருவதில்லை. 1915-இன் சட்டம் வெள்ளையர்களுக்கு 999 ஆண்டுக் குத்தகை கொடுத்தது. 1918-இன் சட்டம், வெள்ளையர் பண்ணைகளில் குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களை ஆண்டுக்குக் குறைந்தது 180 நாள் பண்ணைக்கு உழைக்க வைத்தது. டெனிஸின் ‘வந்துபோகிறவர்கள்’ தத்துவம் இந்தக் காகிதங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் கேரனுக்கு இது தெரிந்திருந்தது. பண்ணைக் குடிகள் பலர் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களின் அப்பாக்களும் அங்கேயே பிறந்தவர்கள். ஆகவே தன்னைத்தான் தங்கள் நிலத்தில் ஒட்டிக்கொண்ட கொஞ்சம் பெரிய குடியாக அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று நூலில் எழுதுகிறார். இந்த ஒரு வரிக்குள் டெனிஸின் வசனத்தைவிட அதிக உண்மை இருக்கிறது. அதே நூலில் சமையல்காரர் கமாண்டேயை நாயோடு ஒப்பிடுகிற வாக்கியமும் இருக்கிறது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அதைச் சுட்டிக்காட்டி, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதப்பட்ட மிக ஆபத்தான நூல்களில் இதுவும் ஒன்று என்று கடுமையாகச் சொன்னார். ஆபத்து அதன் அன்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். இரண்டு வாக்கியங்களையும் எழுதியது ஒரே கைதான். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது.

படத்துக்கு 11 ஆஸ்கர் பரிந்துரைகள், 7 விருதுகள். சிறந்த படமும் இயக்கமும் அதில் அடக்கம். அதே இரவில், கறுப்பினப் பெண்களின் வாழ்க்கையைச் சொன்ன ‘தி கலர் பர்ப்பிள்’ படமும் 11 பரிந்துரைகளோடு வந்திருந்தது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதற்குப் போலாக் பொறுப்பில்லை. ஆனாலும் அந்தக் காலத்தின் ரசனையை அளக்க இது போதும்.

விட்டுப்போன கடைசிப் பகுதி

கேரன் 1931-இல் டென்மார்க் திரும்பினார். ஆப்பிரிக்காவுக்கு மறுபடி வரவில்லை. ஐசக் டினேசன் என்ற ஆண் பெயரில் எழுதிப் புகழ்பெற்றார்; 1962-இல் இறந்தார். பண்ணையை வாங்கியவர் அதை மனைகளாகப் பிரித்தார். இன்று நைரோபியின் வசதியான புறநகர்களில் ஒன்றான அந்தப் பகுதியின் பெயர் கேரன். அவர் வாழ்ந்த வீட்டை டென்மார்க் அரசு கென்ய விடுதலையை ஒட்டிப் பரிசாகக் கொடுத்தது. படம் வந்த மறுவருடம், 1986-இல், அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். படப்பிடிப்பு நடந்தது அந்த வீட்டில் இல்லை, பக்கத்தில் அவர் முதலில் குடியிருந்த வீட்டில்.

பண்ணை கைமாறியபோது கிகுயூ குடும்பங்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று. சிதறிப்போகாமல் எல்லோரும் ஒன்றாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கேரன் தன் கடைசி மாதங்களை அரசு அலுவலகங்களின் படியேறுவதிலேயே செலவழித்தார். கடைசியில் டாகொரெட்டி காட்டுப் பகுதியில் இடம் கிடைத்தது. இதைப் பற்றி எழுதும்போதுதான், ஒரு மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டால் நிலத்தோடு அவர்களுடைய கடந்த காலத்தையும் வேரையும் அடையாளத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் எழுதினார். 6,000 ஏக்கரை வைத்திருந்தவர் எழுதிய வாக்கியம் இது, அதுவும் 1937-இல்.

படத்தில் இது ஒரு விருந்துக் காட்சியாகச் சுருங்குகிறது. புதிதாக வந்திறங்கிய கவர்னரின் முன் கேரன் எல்லோரும் பார்க்க மண்டியிடுகிறாள், கவர்னரின் மனைவி வாக்குக் கொடுக்கிறார். ஸ்ட்ரீப் அதையும் நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் யாருக்காக மண்டியிடுகிறாளோ அவர்களில் ஒருவரைக்கூட அந்த விருந்துக்குக் கூப்பிடவில்லை, அதற்குப் பின் அவர்கள் டாகொரெட்டிக்கு மூட்டை கட்டுவதையும் கேமரா போய்ப் பார்க்கவில்லை.